நகரின் இரவைப் படம்பிடிப்பது எப்படி?

பகலிலே படம்பிடிப்பவர் பலர். இரவிலே படம்பிடிக்க முயல்பவரும் இன்று பலரே. ஆயினும், இரவிலே தாம் பிடித்த படம் தாம் கண்ட காட்சியைப் போலவே அமைந்தது என்று மனநிறைவோடு கூறுபவர் மிகச் சிலர். ஒளி நிறைந்த கடைத்தெருவைப் படம்பிடித்தால் கரிய தாளிலே மஞ்சட் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. விளக்கேற்றிய கோபுரத்தைப் பிடித்தால் சுண்ணாம்பு அப்பினாற்போல ஒரு வெள்ளைத் திட்டு எஞ்சுகின்றது. "இதற்கெல்லாம் விலையுயர்ந்த கமரா வேண்டும்" என்று கூறிக்கொண்டு முயற்சியைக் கைவிட்டுவிடுகின்றோம். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறானது என்பதை எமக்கு உணர்த்தியவன் எமது மாணவன் ஒருவனே.

எம்மிடம் பௌதிகவியல் கற்று, உயர்தரப் பரீட்சையையும் எழுதி முடித்த அவன், ஒரு நாள் மாலை எம்மைத் தேடி வந்தான். தன் கைத்தொலைபேசியிலே ஒரு படத்தைக் காட்டினான். புறக்கோட்டையிலே ஒரு களஞ்சியசாலையின் வாசலில் இராக் காவல் புரியும் அவன் தந்தையின் படம் அது. முகம் வெள்ளைத் தாள்போல் வெளிறியிருந்தது. சுற்றிலும் ஒரே கருமை. கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பவர் போலத் தோன்றினார் அம்மனிதர்.

"அப்பா இந்த மாசக் கடைசியோட வேலையை விட்டுட்டு அட்டனுக்குப் போயிடுவாரு, சேர். அம்மா அவர் வேலை செய்யிற இடத்தைக் கண்டதே இல்ல. அந்தத் தெருவும் அவரும் ஒண்ணாத் தெரியிற மாதிரி ஒரு படம் வேணும்" என்றான்.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே வாசலில் இரவைக் கழித்தவர் அவர். மகனின் படிப்பு முடியட்டும் என்று காத்திருந்தவர். மகனோ அவரைப் பகலிலே நித்திரை கொள்ளும் தந்தையாகவே கண்டு வளர்ந்தவன். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன. எம்மிடம் பழைய கமரா ஒன்று இருந்தது. அந்த ஒன்பது நாட்களில் நாம் மீண்டும் கற்றவற்றையும், அவனுக்குக் கற்பித்தவற்றையுமே வாசகர்களுக்கு இங்கே தருகின்றோம்.

பிளாஷ் ஏன் உதவுவதில்லை?

முதலில் அவன் செய்த பிழையை நோக்குவோம். இருட்டாக இருக்கின்றதே என்று அவன் பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தியிருந்தான். ஒளி செல்லும் தூரம் இரு மடங்கானால் அதன் செறிவு நான்கில் ஒன்றாகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். இது பாடசாலையிலே கற்கும் விதி. தந்தை ஒரு மீற்றர் தூரத்திலும், பின்னாலுள்ள கட்டடம் பத்து மீற்றர் தூரத்திலும் இருந்தால், தந்தையின் முகத்திற்குக் கிடைக்கும் ஒளியில் நூறில் ஒரு பங்கே கட்டடத்திற்குக் கிடைக்கும். முகம் வெளிறுவதும் தெரு மறைவதும் இதனாலேயே. பரீட்சைத் தாளிலே இவ்விதியைப் பிழையின்றி எழுதிய மாணவன், கையிலே கமராவை எடுத்ததும் அதனை மறந்துவிட்டான். நாமும் பல தடவை மறந்ததுண்டு.

ஆகவே நகரின் இரவுக்கு நகரின் விளக்குகளே போதும். அவற்றின் ஒளி குறைவுதான். குறைந்த ஒளியை நீண்ட நேரம் சேர்த்து நிறைந்த ஒளியாக்குவதே இக்கலையின் உயிர்நாடி.

கண்ணுக்கு இல்லாத ஆற்றல்

நம் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. ஒரு செக்கனின் சிறு பகுதிக்குள் வந்த ஒளியை மாத்திரம் அது காண்கின்றது. கமராவோ தன் ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் வரும் ஒளியைத் துளித்துளியாகச் சேர்க்கின்றது. கூரையிலிருந்து சொட்டும் நீரிலே வாளி நிறைவதுபோல, பத்துச் செக்கன் திறந்து வைத்தால் பத்துச் செக்கன் ஒளியும் ஒரே படத்திலே வந்து சேரும்.

இதிலே ஒரு விந்தையும் உண்டு. அசையாத பொருள் வாளியின் ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருக்கும். அசையும் பொருள் இடம் மாறி மாறிச் சொட்டும். ஆதலால் அசையாதவை தெளிவாகப் பதிய, அசைபவை புகைபோல மங்கி மறைகின்றன. 1838 ஆம் ஆண்டு லூயி டாகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரத்துப் பெருந்தெரு ஒன்றைச் சாளரத்திலிருந்து படம்பிடித்தார். பட்டப்பகல்; வண்டிகளும் மக்களும் நிறைந்த தெரு. ஆனால் அக்காலத் தகட்டிலே படம் பதியச் சில நிமிஷங்கள் வேண்டியிருந்தன. நடமாடிய கூட்டம் முழுவதும் மறைந்துபோயிற்று. சப்பாத்தைத் துடைப்பிக்க ஓரிடத்தில் நின்ற ஒருவர் மாத்திரம் எஞ்சினார். மனித உருவம் பதிந்த மிகப் பழைய புகைப்படமாக அதனையே கருதுகின்றனர். நின்றவர் நிலைத்தார், நடந்தவர் மறைந்தார்.

அதே பாரிஸ் நகரின் இரவை 1930களின் தொடக்கத்திலே படம்பிடித்துப் புகழ்பெற்றவர் பிரஸ்ஸாய். மூடுபனியிலும் தெருவிளக்கின் ஒளியிலும் கமராவைத் திறந்து வைத்துக் காத்திருந்த அவர், ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரத்தைக்கொண்டு ஒளிபதியும் நேரத்தை அளந்தார் என்பர். இன்று எமது கமரா செக்கனைத் தானே எண்ணுகின்றது. ஆனால் காத்திருக்கும் பொறுமையை நாமேதான் கொண்டுசெல்ல வேண்டும்.

மூன்று அளவுகள்

படத்தின் ஒளியை நிர்ணயிப்பவை மூன்று. முதலாவது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். இரண்டாவது, வில்லையின் துவாரம். இதனை எஃப் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் எண்களாற் குறிப்பர். எண் ஒருபடி கூடுந்தோறும் உட்புகும் ஒளி பாதியாகும். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறன். 100 ஐ 200 ஆக்கினால் பாதி நேரமே போதும். ஆனால் எண் கூடக்கூடப் படத்திலே மணல் தூவியதுபோன்ற பொரிப்பொரியான புள்ளிகள் தோன்றும்.

ஓர் உதாரணம் காண்போம். மங்கலான தெரு ஒன்றிலே ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, எட்டுச் செக்கன் என்பது பொருத்தமாக அமைகின்றதெனக் கொள்வோம். துவாரத்தை எஃப் 4 வரை இரண்டு படி திறந்தால் நேரம் இரண்டு செக்கனாகும். அதனுடன் ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் நேரம் அரைச் செக்கனாகும். மூன்று அமைப்பிலும் ஒளி ஒன்றே, படமோ ஒன்றன்று. எட்டுச் செக்கனில் மோட்டார் வண்டிகள் ஒளிக்கோடுகளாகும். எஃப் 4 இல் முன்னிற்பவர் தெளிவாக, பின்னாலுள்ளவை சற்று மங்கும். அரைச் செக்கனில் மனிதர் முகம் அசைவின்றிப் பதிய வாய்ப்புண்டு.

கட்டடங்களைப் பிடிப்போர் ஐ.எஸ்.ஓ.வை 100 இலும் துவாரத்தை எஃப் 8 இலும் நிறுத்தி, நேரத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது நன்று. நான்கு, எட்டு, பதினைந்து செக்கன் என மூன்று படங்கள் எடுத்தால் ஒன்றேனும் சரியாக அமையும். விளக்குகள் நட்சத்திரம்போலக் கதிர்விட வேண்டுமானால் எஃப் 16 ஐ நாடலாம். துவாரத்தின் இதழ்கள் ஆறானால் கதிர்கள் ஆறு. இதழ்கள் ஏழானால் கதிர்கள் பதினான்கு. ஆயின் துவாரம் மிகச் சிறுத்தால் படத்தின் கூர்மையும் சற்றே குன்றும் என்பதை மறத்தலாகாது. முப்பது செக்கனுக்கு மேல் திறந்து வைக்க 'பல்ப்' என்னும் அமைப்பு உண்டு; அதற்குத் தொலைவிலிருந்து இயக்கும் பொத்தானும் வேண்டும்.

அசையாமையே அடிப்படை

இவ்வளவு நேரமும் கமரா மயிரிழையும் அசையலாகாது. எனவே முக்காலி இன்றியமையாதது. அஃது இல்லாதவர் ஒரு மதிலின் மேலே சிறிய அரிசிப் பையை வைத்து, அதிலே கமராவை அழுத்தி நிறுத்தலாம். பொத்தானை விரலால் அமுக்கும் அசைவே படத்தைக் கெடுக்கும். அமுக்கிய இரண்டு செக்கன் கழித்துத் தானே இயங்கும் அமைப்பை அதற்காகவே பயன்படுத்த வேண்டும். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் பொறி வில்லையில் இருந்தால், முக்காலியில் வைத்ததும் அதனை அணைத்துவிடுவது நன்று.

காலிமுகத்திடலில் நிற்போர் கடற்காற்றை எண்ணிக்கொள்ள வேண்டும். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாமல், அதன் கீழே கனமான பை ஒன்றைத் தொங்கவிட்டால் ஆட்டம் அடங்கும். உப்புத் திவலை வில்லையில் படிந்தால் விளக்குகள் யாவும் பனிமூட்டம் கொள்ளும். இடையிடையே மென்துணியால் துடைத்தல் வேண்டும். பாதசாரிகளின் மேம்பாலத்திலிருந்து வாகன ஒளியைப் பிடிப்பவர், பாலத்தில் நடப்போர் கடந்து செல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவர்கள் காலடியில் பாலமே அதிரும்.

எந்த வேளை உகந்தது?

இரவுப் படத்திற்கு நள்ளிரவே ஏற்றது என்று பலர் கருதுவர். நகரக் காட்சிக்கு மிக உகந்த வேளை அந்தியின் கடைசிப் பகுதியாகும். சூரியன் மறைந்து ஏறக்குறையப் பதினைந்து நிமிஷத்திலிருந்து அரைமணி நேரம் வரையில் வானம் கருநீலமாக இருக்கும். விளக்குகளும் ஏற்றப்பட்டிருக்கும். அப்போது கட்டடங்களின் விளிம்பு வானத்தோடு கலந்து மறைவதில்லை. மத்தியகோட்டுக்கு அண்மையில் உள்ள எம் நாட்டிலே சூரியன் செங்குத்தாக இறங்குவதால், இந்நீல வேளை வட நாடுகளிற்போல நீண்டு நிற்பதில்லை. ஆதலால் இடத்தைத் தெரிந்து, முக்காலியை நிறுத்தி, சூரியன் மறையுமுன்னரே ஆயத்தமாதல் வேண்டும்.

2022 செப்டெம்பரிலே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்தை இவ்வேளையிலே பேரை வாவியின் கரையிலிருந்து பிடித்துப் பாருங்கள். 350 மீற்றர் உயரமான அக்கோபுரமும் நீரிலுள்ள அதன் நிழலும் ஒரே படத்தில் அடங்கும். கோபுர விளக்குகள் நிறம் மாறும்போது நீண்ட நேரம் திறந்து வைத்தால் நிறங்கள் கலந்து வெளிறும். ஆதலால் அங்கே நேரத்தைக் குறைத்து, ஒரு நிறம் நிற்கும் பொழுதுக்குள் எடுத்துவிட வேண்டும்.

இருட்டிலே கமரா தானாகக் குவியத்தை நாடினால் திணறும். தூரத்து விளக்கொன்றின் விளிம்பைத் திரையிலே பெருப்பித்துப் பார்த்து, கையினாற் குவியத்தைச் சரிசெய்துகொள்க. மனிதரைப் பிடிப்பதானால் முகத்தின்மேல் ஒரு கணம் டோர்ச் ஒளியைப் பாய்ச்சிக் குவியத்தைச் சரிசெய்து, பின் அதனை அணைத்துவிடுக. சோடிய விளக்குத் தெருவைச் செம்மஞ்சளாக்கும். வெண்மைச் சமநிலையை 3000 முதல் 3500 கெல்வின் அளவில் வைத்தால் அம்மஞ்சள் ஓரளவு தணியும். முற்றாக நீக்கிவிட வேண்டாம். அதுவும் தெருவின் இயல்பே. இருட்டிலே பார்க்கும்போது கமராத் திரை உள்ளதைவிடப் பிரகாசமாகத் தோன்றும். அதனை நம்பாது, ஒளியின் பரம்பலைக் காட்டும் வரைபையே நம்புக.

கைத்தொலைபேசி வைத்திருப்போரும் மனம் தளர வேண்டியதில்லை. இக்காலக் கருவிகளின் 'இரவு' அமைப்பு, சில செக்கன்களுக்குள் பல குறும் படங்களை எடுத்து அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்க்கின்றது. மதிலிலே சாய்த்து அசையாமல் வைத்தால் அதுவும் வியக்கத்தக்க பயனைத் தரும்.

ஓர் எச்சரிக்கை

2009 ஆம் ஆண்டுவரை நீடித்த போர்க்காலத்திலே இந்நகரில் மாணவராகவும் பின்னர் இளம் ஆசிரியராகவும் வாழ்ந்தவர் நாம். அந்நாட்களில் இருட்டிய பின் அடையாள அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வீதியில் இறங்குவோம். முக்காலியை நிறுத்திப் படம்பிடிப்பதைக் கனவிலும் எண்ணியதில்லை. எம்முடைய இளமைக்காலத்துக் கொழும்பின் இரவு ஒன்றேனும் எம்மிடம் படமாக இல்லை. இன்று நிலைமை வேறாயினும், துறைமுகம், படைமுகாம், அரச அலுவலகம் ஆகியவற்றின் அருகே காவலில் நிற்பவரிடம் கேட்டபின்னரே கமராவை எடுத்தல் வேண்டும். மனிதரைப் பிடிக்குமுன் அவர் இசைவைப் பெறுதலும் அவ்வாறே. தனியே செல்லாது ஒரு துணையோடு செல்வது மேலும் நன்று.

அந்த வாசல்

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் நாமும் மாணவனும் புறக்கோட்டைக்குச் சென்றோம். கடைகள் அடைத்த நேரம். வாசலிலே ஒரு பழைய மரக்கதிரை. அதன் பக்கத்திலே தேநீர்ப் போத்தல். சுவரில் ஒரு குடை. தந்தையார் சவரம் செய்து, தலைவாரி, வெள்ளைச் சேர்ட் அணிந்து காத்திருந்தார்.

மனிதர் அசைவார் என்று கருதி முதலில் எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 400, அரைச் செக்கன் என அமைத்தோம். முகம் தெளிவாக விழுந்தது. மகன் திரையை உற்றுப் பார்த்தான். "முகம் நல்லா இருக்கு, சேர். ஆனா தெரு தெரியல்லையே" என்றான். உண்மைதான். திறந்த துவாரத்தால் பின்னாலிருந்த தெரு மங்கிவிட்டது. தாய் காண வேண்டிய இடம் அதிலே இல்லை. தெருவும் தெளிவாக வேண்டுமானால் துவாரத்தைச் சுருக்கி, எட்டுச் செக்கன் திறந்து வைக்க வேண்டும். வயதான ஒருவரை எட்டுச் செக்கன் அசையாதிருக்கச் சொல்வதற்கு எமக்குத் தயக்கமாயிருந்தது. அதை அவரிடமே கூறினோம்.

அவர் சிரித்தார். "அசையாம இருக்கிறதுதானே ஐயா என்னோட வேலை. எவ்வளவு நேரம்னு சொல்லுங்க, இருக்கிறேன்" என்றார்.

கதிரையிலே அமர்ந்து, தலையைக் கதவிலே சாய்த்து, கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டார். எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, எட்டுச் செக்கன். மகன்தான் பொத்தானை அமுக்கினான். ஷட்டர் திறந்திருக்கையிலே இரண்டு பேர் பேசிக்கொண்டு குறுக்கே நடந்தனர். ஒரு லொறி உறுமிக்கொண்டு சென்றது. நாம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அவரோ கண் இமைத்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

படம் திரையிலே தோன்றியது. நடந்த இருவரையும் காணவில்லை. லொறி இருந்த இடத்தில் நீண்ட செந்நூல் ஒன்று ஓடியது. அடைத்த கதவுகளும், தெருவிளக்கும், தேநீர்ப் போத்தலும், சுவரிலே தொங்கிய குடையும் துலங்கின. அவற்றின் நடுவே, அத்தெருவிலே அவர் ஒருவரே மனிதராக, சிலைபோல் தெளிவாக அமர்ந்திருந்தார். வில்லையையும் துவாரத்தையும் பற்றி இத்தனை நாள் நாம் கற்பித்தோம். அப்படத்திற்கு வேண்டிய அரும்பொருளை இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தவர் அவரே.

படத்தைப் பெரிதாக அச்சிட்டு அட்டனுக்குக் கொண்டுசென்றான் மகன். தாயார் அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பின்னர், "இந்தக் கதிரையிலதானா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாராம்.

வாசகர்களே, உங்கள் நகரிலும் இரவிலே விழித்திருப்பவர் பலர் உளர். காவற்காரர், வைத்தியசாலைத் தாதியர், வீதி கூட்டுவோர், பஸ் வண்டியைக் கழுவுவோர் ஆகியோரைப் பகற்படங்களிலே காண்பதரிது. அவர்களுள் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கவுங்கூடும். ஒரு முக்காலியோ அரிசிப் பையோ போதும். எட்டுச் செக்கன் போதும். அவர் அந்த இடத்தை விட்டுப் போகுமுன்னர் எடுத்துவிடுங்கள்.